குவெட்டாவில் வீழாது நின்ற மனைகள்: நிலநடுக்கமும் இந்தியக் கட்டட வரலாறும்

1935ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள், விடியற்கு முன் மூன்று மணியளவில், பலூச்சித்தானத்தின் தலைநகராகிய குவெட்டா நிலநடுக்கத்தால் அழிந்தது. மாண்டோர் தொகை 30,000 என்பாரும் உளர். 60,000 என்பாரும் உளர். ஊர் முழுதும் உறங்கிக்கொண்டிருந்த வேளையாதலின், வீடுகளே உறங்கியோர்க்குப் புதைகுழிகளாயின. அவ்வழிவினைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். ஆயின், அன்றிரவு வீழாது நின்ற சில மனைகளைப் பற்றி எழுதப்பெற்றது மிகச் சிறிதே. இருப்புப்பாதை ஊழியர்க்கெனச் சில ஆண்டுகட்கு முன்னர்க் கட்டப்பெற்ற எளிய மனைகள் அவை. அழகாலோ பழமையாலோ சிறப்புற்றவை அல்ல. எனினும், வரவிருக்கும் நடுக்கத்தை எண்ணி, அதனைத் தாங்குமாறு கணக்கிட்டு எழுப்பப்பெற்ற கட்டடங்கள் என்ற வகையில், இந்தியக் கட்டட வரலாற்றில் அவற்றிற்குத் தனியிடம் உண்டு. அம்மனைகள் எழுந்த சூழலையும், அவற்றால் விளைந்த அறிவு பின்னர் எவ்வாறு போற்றப்பெற்றது, எவ்வாறு மறக்கப்பெற்றது என்பதனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஒரு சொல்லின் பொருளை வரையறுத்துக் கொள்ளல் வேண்டும். நிலநடுக்கத்தை முன்னறிதல் என்றவுடன், இன்ன நாளில் இன்ன பொழுதில் நிலம் நடுங்கும் என்று உரைப்பதனையே பலரும் கருதுவர். அத்தகைய முன்னறிவு இன்றளவும் எவர்க்கும் கைவந்திலது. மற்றொரு வகை முன்னறிவும் உண்டு. எந்நிலப்பகுதி நடுங்கத்தக்கது, எத்துணை வன்மையாக நடுங்கக்கூடும், அங்ஙனம் நடுங்குங்கால் அங்குள்ள கட்டடங்களுள் எவை வீழும், எவை நிற்கும் என்று ஆய்ந்து கூறுதல் அது. முன்னது நாளைக் கேட்பது. பின்னது இடத்தையும் சுவரையும் கேட்பது. ஜப்பானிய அறிஞர் இமாமுரா 1905ஆம் ஆண்டிலேயே, தோக்கியோ நகரம் ஐம்பது ஆண்டுகட்குள் பெருநடுக்கத்திற்கு உள்ளாகும் என்றும், நடுக்கத்தினும் அதனால் மூளும் தீயே ஒரு நூறாயிரவரைக் கொல்லும் என்றும் எழுதினார். செய்தித்தாள்கள் அதனைப் பெரிதாக்க, மக்கள் அஞ்சினர். அவர்க்கு மேற்பட்ட பேராசிரியராகிய ஓமோரி, அக்கூற்றை அடிப்படையற்றதென மறுத்தார். 1923 செப்டம்பர் முதல் நாளில் நடுக்கமும் தீயும் ஒருங்கே வந்தன. மாண்டோர் ஒரு நூறாயிரவர்க்கு மேற்பட்டனர். இமாமுரா நாளைக் குறித்தாரல்லர். மரவீடுகள் நெருங்கிய நகரத்தின் நிலையைக் கண்டே கூறினார் என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

இத்தகைய முன்னறிவிற்கு அடிப்படை பழைய நிகழ்ச்சிகளின் பட்டியலே ஆகும். நம் நாட்டில் அதனைத் தொகுக்கத் தொடங்கியவர், இந்திய நிலப்பொதியியல் அளவைத் துறையின் தலைவராயிருந்த தாமஸ் ஓல்தம் என்பவர். தொன்மைக் காலம் முதல் 1869ஆம் ஆண்டு ஈறாக நேர்ந்த இந்திய நிலநடுக்கங்களை அவர் தொகுத்த பட்டியல், அவர் மறைவிற்குப் பின்னர், 1883இல் அவர் மைந்தர் ரிச்சர்டு டிக்சன் ஓல்தம் என்பவரால் வெளியிடப்பெற்றது. தந்தை பட்டியலிட, மைந்தர்க்கோ பெருநடுக்கம் ஒன்றினை நேரில் ஆராயும் பொறுப்பு வாய்த்தது. 1897 ஜூன் 12ஆம் நாள் மாலை அசாமில் நேர்ந்த நடுக்கமே அது. அதனைப் பற்றி அவர் எழுதி 1899இல் வெளிவந்த பெருநூல் உலக நிலநடுக்கவியலின் மூலநூல்களுள் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகின்றது.

அசாம் நடுக்கத்தில் சில்லாங்கு நகரின் கற்கட்டடங்கள் அனைத்தும் தரைமட்டமாயின. வலிமைக்கு அடையாளமெனக் கருதப்பெற்ற கல்லே முதலில் வீழ்ந்தது. மாலை வேளையாதலின் மக்கள் பலர் வெளியில் இருந்தனர். ஆதலால், அத்துணைப் பெரிய நடுக்கத்திலும் மாண்டோர் ஏறத்தாழ 1500 பேரே. அதன் பின்னர் அப்பகுதியில் பரவிய வீட்டு முறையை இன்றும் ‘அசாம் வகை வீடு’ என்றே வழங்குவர். மரச்சட்டங்களால் கூடமைத்து, இடைவெளிகளை ‘இக்ரா’ எனப்படும் நாணல் தட்டிகளால் அடைத்து, அதன்மேல் மெல்லிய பூச்சிட்டு, தகரக்கூரை வேய்ந்த வீடு அது. அவ்வீட்டில் கனமான பொருள் எதுவும் தலைக்குமேல் இல்லை. சுவர் பிளந்தாலும் சட்டம் விடாது. அரசினர் அலுவலகங்களும் ஆங்கிலேய அதிகாரிகளின் மாளிகைகளும் இம்முறையிலேயே எழுந்தன. நாணலையும் மரத்தையும் ஏழையின் பொருளென எண்ணிய ஆட்சியாளர், கல் வீழ்ந்த பின்னரே அவற்றின் அருமையை உணர்ந்தனர் எனலாம்.

காசுமீரத்திலும் இதனையொத்த முறை பண்டே வழக்கில் இருந்தது. மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்து, இடையிடையே சிறு கற்களையும் செங்கற்களையும் மண்சாந்தில் நிரப்பும் அம்முறையைத் ‘தஜ்ஜி தேவாரி’ என்பர். நூறு ஆண்டுகள் கழிந்தும் அதன் பயன் குன்றவில்லை. 2005 அக்டோபர் 8ஆம் நாள் நேர்ந்த காசுமீர நடுக்கத்தில், புதுமுறையிற் கட்டிய பல வீடுகள் வீழ்ந்தவிடத்து இவ்வகை வீடுகள் நின்றமையை அறிஞர் பலர் குறித்துள்ளனர். ஆயின், கொத்தரும் தச்சரும் கண்டறிந்த இவ்வறிவு வட்டாரத்தோடு நின்றுவிட்டது. 1905 ஏப்ரல் 4ஆம் நாள் காங்கிராப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். அசாமின் பட்டறிவு அங்குச் சென்று சேர்ந்திலது.

பட்டறிவு ஓரிடத்தினின்றும் மற்றோரிடத்திற்குச் செல்லவேண்டுமாயின், அது கணக்காக மாறுதல் வேண்டும். அம்மாற்றம் இத்தாலியிலும் ஜப்பானிலும் நிகழ்ந்தது. 1908 டிசம்பர் 28ஆம் நாள் மெசினா நகரம் அழிந்தபின், இத்தாலிய அரசு அமைத்த குழுவினர், ஒரு கட்டடத்தின் கீழ்த்தளம் தன்மேல் உள்ள எடையில் பன்னிரண்டில் ஒரு பங்கினையும், மேல்தளங்கள் எட்டில் ஒரு பங்கினையும் பக்கவாட்டு விசையாகத் தாங்குமாறு வகுக்கவேண்டும் என்றனர். ஜப்பானில் சானோ தோசிக்காட்டா இக்கருத்தையே மேலும் வளர்த்து, எடையின் ஒரு பின்னமாக நடுக்கத்தின் விசையைக் கணக்கிடும் முறையை நிலைநாட்டினார். 1923ஆம் ஆண்டின் பேரழிவிற்குப் பின்னர், 1924இல், எடையில் பத்தில் ஒரு பங்கு என்னும் அளவு அந்நாட்டுக் கட்டடச் சட்டத்தில் இடம் பெற்றது.

இக்கணக்கின் உட்பொருள் எளியது. நாம் எழுப்பும் சுவர் அனைத்தும் மேலிருந்து கீழே அழுத்தும் பாரத்தைத் தாங்குதற்கே எழுப்பப்பெறுவன. செங்கல்மேல் செங்கல்லாக அடுக்கிய சுவர், நேர்கீழாக வரும் பாரத்தை எத்துணையும் பொறுக்கும். நிலம் திடீரெனப் பக்கவாட்டில் நகரும்பொழுது, அடிமானம் நிலத்தோடு செல்ல, மேற்பகுதி இருந்த இடத்திலேயே இருக்க முயல்கின்றது. ஓடும் வண்டி சட்டென நகர, உள்ளே நிற்பவர் பின்சாய்வது போல என்க. கனம் மிகுந்த கூரை மிகுதியாகப் பின்தங்கும். அதனைத் தாங்கும் சுவர் மிகுதியாக இழுபடும். மண்சாந்திற்கு இழுவையைத் தாங்கும் வலிமை இல்லை. எனவே முதலிற் சுவர்கள் சந்திக்கும் மூலைகள் பிளக்கின்றன. பிளந்த சுவர் ஒவ்வொன்றும் தனித்து ஆடி வெளிப்புறம் சாய்கின்றது. பற்றுக்கோடு இழந்த கூரை உள்ளே வீழ்கின்றது. உறங்குவோரைக் கொல்வது நிலமன்று, அவர்தம் கூரையே.

இனிப் பலூச்சித்தானத்திற்கு வருவோம். 1931 ஆகஸ்டு 25ஆம் நாள் ஷாரிக் என்னும் இடத்திலும், இரு நாள் கழித்து 27ஆம் நாள் போலன் கணவாயில் உள்ள மாக் என்னும் ஊரிலும் கடும் நடுக்கங்கள் நேர்ந்தன. மாக், வடமேற்கு இருப்புப்பாதையின் நிலையங்களுள் ஒன்று. போலன் கணவாய் வழியே குவெட்டாவிற்கும் எல்லைப்புறத்திற்கும் படையும் பொருளும் செல்லும் பாதையாதலின், அப்பாதை ஊழியரின் பாதுகாப்பு அரசிற்கு இன்றியமையாததாயிற்று. நடுக்கம் தாங்கும் குடியிருப்புகளை வகுக்கும் பொறுப்பு எஸ். எல். குமார் என்னும் இளம் இந்தியப் பொறியியலாளரிடம் ஒப்படைக்கப்பெற்றது.

குமார் மேற்கொண்ட முறை வியக்கத்தக்க எளிமை வாய்ந்தது. இருப்புப்பாதைத் துறையினரிடம் தேய்ந்து கழிக்கப்பெற்ற தண்டவாளங்கள் குவிந்து கிடந்தன. அவற்றையே தூணாகவும் உத்தரமாகவும் பிணைத்து, ஒவ்வொரு மனைக்கும் இரும்புக் கூடு ஒன்று அமைத்தார். சுவர் அக்கூட்டிற்குள் நிரப்பப்பெற்றது. அக்கூடு பக்கவாட்டு விசையைத் தாங்குமாறு எடையின் பின்னக் கணக்கினைக் கொண்டே அளவுகள் வரையப்பெற்றன. அசாமில் மரம் செய்த பணியைக் குவெட்டாவில் கழிவுத் தண்டவாளம் செய்தது. அசாம் வீட்டைக் குமார் அறிந்திருந்தாரோ இலரோ, இரண்டின் தத்துவமும் ஒன்றே என்பதில் ஐயமில்லை. வேறுபாடு யாதெனின், அசாம் வீடு கண்ணளவாலும் கையளவாலும் கட்டப்பெற்றது. இஃது எண்ணளவாற் கட்டப்பெற்றது. எண்ணளவாற் கட்டியதனை எழுத்தில் எழுதவும் பிறர்க்கு உணர்த்தவும் இயலும்.

அங்ஙனமே அவர் எழுதியும் வைத்தார். 1933இல் பஞ்சாபு பொறியியல் மாநாட்டில் அவர் அளித்த ஆய்வுரை, நடுக்கம் தாங்கும் கட்டட அமைப்பின் கொள்கையை விளக்கி, பலூச்சித்தானத்தில் மேற்கொண்ட முறைகளையும் குறிப்பது. அதனோடு இந்தியப் பெருநாட்டை நடுக்க வன்மைக்கேற்ப மண்டலங்களாகப் பிரித்துக் காட்டும் வரைபடம் ஒன்றும் இணைக்கப்பெற்றது. அந்தந்த மண்டலத்திற்கு ஏற்ற விசையளவுகளும் பரிந்துரைக்கப்பெற்றன. இந்தியாவிற்கென வரையப்பெற்ற முதல் நடுக்க மண்டல வரைபடம் அதுவே. அரசினர் ஆய்வுத்துறை செய்திருக்கவேண்டிய பணியை இருப்புப்பாதைப் பொறியியலாளர் ஒருவர் முந்திச் செய்தார் என்பது குறிப்பிடத்தக்கது. நிலப்பொதியியலார் பாறையை நோக்கினர். குமாரோ பாறைமேல் வாழும் மனிதர்க்கு வீடு கட்டவேண்டியவராயிருந்தார்.

அவ்வாய்வுரை வெளிவந்த மறு ஆண்டு, 1934 ஜனவரி 15ஆம் நாள் பிற்பகலில், பீகாரும் நேபாளமும் நடுங்கின. இரு நாட்டிலும் மாண்டோர் பதினாயிரவர்க்கு மேற்பட்டனர். வடபீகாரில் மணலும் நீரும் நிலத்தைப் பிளந்துகொண்டு பீறிட, வீடுகள் வீழாமல் அப்படியே நிலத்துள் சாய்ந்து அமிழ்ந்த காட்சியையும் ஆய்வாளர் கண்டனர். இந்நடுக்கத்தின் எதிரொலி தமிழ்நாட்டிலும் கேட்டது. அரிசனத் தொண்டிற்காகத் தென்னாட்டில் பயணம் செய்துகொண்டிருந்த காந்தியடிகள், ஜனவரி 24ஆம் நாள் திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்தில், பீகார் அழிவு தீண்டாமை என்னும் பாவத்திற்கு இறைவன் அளித்த தண்டனை எனத் தாம் நம்புவதாகக் கூறினார். தாகூர் அதனை ஏற்றிலர். தீண்டாமையைக் கடிவதில் காந்தியடிகளோடு உடன்பட்ட அவர், இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கைக் காரணமே உண்டு. அறநெறியை அதனோடு பிணைத்தல் பகுத்தறிவிற்கு ஒவ்வாது என்று மறுத்தெழுதினார். பிப்ரவரித் திங்களில் காந்தியடிகள் தாம் நடத்திய ‘அரிசன்’ இதழிலேயே அம்மறுப்பினை வெளியிட்டு விடையும் எழுதினார். இந்தியச் சிந்தனை வரலாற்றில் இச்சொற்போர் பலமுறை ஆராயப்பெற்றுள்ளது. ஆயின், காரணம் தெய்வமோ இயற்கையோ, வீழ்ந்த சுவர்கள் எதனாற் கட்டப்பட்டிருந்தன என்னும் மூன்றாவது வினா ஒன்றும் இருந்தது. அவ்வினாவிற்கு விடையாகத்தக்க உரை ஓராண்டிற்கு முன்பே அச்சேறியிருந்தும், பொதுமக்கள் அரங்கில் அதனை எடுத்துரைப்பார் இல்லை. பெரியோர் இருவரையும் இதற்காகக் குறைகூறுதல் தகாது. அறிவு துறைக்குள் அடைபட்டுக் கிடந்தமையே குறை.

பீகாரின் துயர் ஆறுமுன் குவெட்டாவின் இரவு வந்தது. வெயிலில் உலர்த்திய மண்கட்டியாலும், மண்சாந்திட்ட செங்கல்லாலும் எழுப்பப்பெற்று, கனத்த மண்கூரை சுமந்த வீடுகளால் நிறைந்தது குவெட்டா நகரம். அந்நகரம் சில விநாடிகளில் இடிபாட்டுக் குவியலாயிற்று. படைப்பாசறையின் பெரும்பகுதி தப்பியது, ஊர் தப்பவில்லை. நோய் பரவும் என அஞ்சிய அரசினர், படைத்துறைச் சட்டத்தின்கீழ் நகரை மூடி, வெளியார் நுழைவதைத் தடுத்தனர். துயர் தீர்க்கச் செல்ல விரும்பிய காந்தியடிகட்கும் இராசேந்திர பிரசாதிற்கும் கூட இசைவு தரப்பெறவில்லை. இத்தடையைக் குறித்து நாட்டில் எழுந்த கண்டனம் பெரிது. அரசியல் வரலாற்றாசிரியர் குவெட்டாவை நினைவுகூர்வது பெரும்பாலும் இதன்பொருட்டே.

அவ்விடிபாடுகளினிடையே குமாரின் தண்டவாள மனைகள் சிதையாது நின்றன. சுற்றிலும் இருந்தவை எல்லாம் வீழ, ஒரே நிலத்தின்மேல், ஒரே நடுக்கத்தில், ஒரு வகைக் கட்டடம் மட்டும் நின்றமை, எவரும் திட்டமிட்டுச் செய்ய இயலாத சோதனையாக அமைந்தது. ஆய்வுரையில் இருந்த கணக்கு மெய்யென்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அதன் பயன் உடனே விளைந்தது. குவெட்டாவை மீட்டுக் கட்டுங்கால், நடுக்கம் தாங்காத கட்டடம் எதுவும் எழுதல் கூடாதென விதி வகுக்கப்பெற்றது; 1937ஆம் ஆண்டின் குவெட்டாக் கட்டட விதித்தொகுப்பு இத்துறையில் இந்நிலப்பரப்பில் எழுந்த முதல் தொகுப்பு எனலாம். எல்லார்க்கும் இரும்புக்கூடு கிடைப்பது அரிதாகலின், செங்கல்லையே வலுப்படுத்தும் வழி காணப்பெற்றது. ஒன்றரைச் செங்கல் தடிமனுள்ள சுவரில், செங்கற்களை ஒரு தனி முறையில் அடுக்கி, நெட்டாங்கில் சிறு குழிகள் விட்டு, அவற்றுள் இரும்புக் கம்பியை நிறுத்திச் சாந்து நிரப்பும் முறை அது. ‘குவெட்டா இணைப்பு’ என்னும் பெயரால் உலகக் கட்டட நூல்களில் அது வழங்கி வருகின்றது. இதனோடு, அடிமான மட்டத்திலும், நிலைகளின் மேலுத்தர மட்டத்திலும், கூரை மட்டத்திலும் கட்டடத்தைச் சுற்றிக் கம்பியிட்ட காங்கிரீட்டுப் பட்டை ஓட்டும் வழக்கமும் நிலைபெற்றது. வண்டிச் சக்கரத்தின் மரத்துண்டுகளை இரும்புப் பட்டா இறுக்கிப் பிடிப்பதுபோல், இப்பட்டை நான்கு சுவர்களையும் ஒன்றாகப் பிடிக்கின்றது, மூலைகள் பிளப்பதில்லை. இதற்காகும் பொருளோ சிறிது.

1947இல் நாடு பிரிவுற்றபொழுது குவெட்டா பாகித்தானத்தின்பாற் சென்றது. இந்தியாவில் இத்துறை ஏறத்தாழப் புதிதாகவே தொடங்கவேண்டியதாயிற்று. 1950 ஆகஸ்டு 15ஆம் நாள், விடுதலைத் திருநாளன்றே, அசாம் மீண்டும் பெருநடுக்கத்திற்கு உள்ளானது. 1959இல் ரூர்க்கிப் பல்கலைக்கழகத்தில் நிலநடுக்கப் பொறியியற் கருத்தரங்கு கூடியது. மறு ஆண்டு பேராசிரியர் ஜெய்கிருஷ்ணாவின் முயற்சியால் அங்கு இத்துறைக்கெனத் தனிப்பள்ளி தோன்றியது. 1962இல் ‘ஐ.எஸ். 1893’ என்னும் இந்தியத் தரவிதி மண்டல வரைபடத்தோடு வெளிவந்தது. பட்டை, மூலைக்கம்பி முதலியவற்றை விளக்கும் ‘ஐ.எஸ். 4326’ 1967இல் வந்தது.

இவ்வரைபடத்தின் வரலாறு தனியே ஆராயத்தக்கது. பழைய நடுக்கங்கள் நேர்ந்த இடங்களைக் கொண்டு வரையப்பெறுவதாகலின், பதிவில்லாத இடம் நடுக்கமில்லாத இடம் என்னும் மயக்கத்தை அது விளைவித்தது. தக்காணப் பீடபூமி அசைவற்றது என்பது நெடுங்கால நம்பிக்கை. 1967 டிசம்பர் 11ஆம் நாள் கொய்னா நடுங்க, 1970இல் வரைபடம் திருத்தப்பெற்று, ஏழு மண்டலங்கள் ஐந்தாயின. அத்திருத்தத்திலும் மராட்டியத்தின் கில்லாரிப் பகுதி, அச்சம் மிகக் குறைந்த முதல் மண்டலத்திலேயே இருந்தது. 1993 செப்டம்பர் 30ஆம் நாள் விடியற்குமுன் அங்கு நேர்ந்த நடுக்கம் அளவால் மிகப் பெரியதன்று. குவெட்டாவின் நடுக்கத்தோடு ஒப்பிடின் சிறிதே. எனினும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். கரடுமுரடான கற்களை மண்சாந்தில் அடுக்கிய தடித்த சுவர்கள், வெயிலைத் தடுக்கத் தலைமுறை தலைமுறையாக மண் கொட்டிக் கனம் ஏறிய கூரைகள், உறங்கும் மக்கள். குவெட்டாவில் நிகழ்ந்தது ஐம்பத்தெட்டு ஆண்டுகட்குப் பின் அவ்வாறே மீண்டும் நிகழ்ந்தது. வரைபடம் நடுக்கத்திற்கு முன்னே செல்லவில்லை, பின்னே சென்றது.

2001 ஜனவரி 26ஆம் நாள் குசராத்தில் நேர்ந்ததோ வேறு வகை. கட்சுப் பகுதி நடுங்கத்தக்கது என்பது 1819 முதலே அறிந்த செய்தி; வரைபடத்தில் அது மிக உயர்ந்த மண்டலத்திலேயே இருந்தது. எனினும் 13,000 பேர்க்கு மேல் உயிரிழந்தனர். நடுக்கத்தின் மையத்தினின்றும் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த அகமதாபாத்திலும் பல அடுக்குமாடிகள் வீழ்ந்தன. அவற்றுட் பலவற்றில், ஊர்திகள் நிறுத்துதற்பொருட்டுக் கீழ்த்தளம் சுவரின்றித் தூண்களின்மேல் திறந்து விடப்பெற்றிருந்தது. மேல்தளங்களின் எடை முழுவதையும் பக்கவாட்டில் தாங்கவேண்டிய இடமே வலிமை குன்றிய இடமாயிற்று. மெசினாக் குழுவினர் 1909இல் கீழ்த்தளத்திற்கும் மேல்தளத்திற்கும் தனித்தனியே கணக்கிட்டதன் கருத்து இங்கு நினைக்கத்தக்கது. விதி இருந்தது, அதனைக் கட்டாயமாக்கி மேற்பார்க்கும் ஆட்சிமுறை இல்லை. குவெட்டாவில் விதியும் மேற்பார்வையும் ஒருங்கே இருந்தமைக்குக் காரணம், அது படைநகராயிருந்தமையே என்று கருத இடமுண்டு.

இவ்வழிவிற்குப் பின் 2002இல் வரைபடம் மீண்டும் திருத்தப்பெற்றது. முதல் மண்டலம் என்பதே நீக்கப்பெற்று, நாடு முழுதும் இரண்டு முதல் ஐந்து வரை நான்கு மண்டலங்களாயிற்று; நடுக்கம் அறவே இல்லாத இடம் என்று ஒன்றைக் குறிக்கும் வழக்கு அத்தோடு ஒழிந்தது. 1900 பிப்ரவரி 8ஆம் நாள் கோயமுத்தூர்ப் பகுதியில் நேர்ந்த நடுக்கம், தமிழ்நாடும் இவ்வாய்விற்குப் புறம்பன்று என்பதனைக் காட்டும் பழைய சான்று. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சென்னை நகரம் இரண்டாம் மண்டலத்தினின்று மூன்றாம் மண்டலத்திற்கு உயர்த்தப்பெற்றது. அதற்கு முன்னர் அந்நகரில் எழுந்த கட்டடங்களுள் விதியைப் பின்பற்றியவையும் இரண்டாம் மண்டலத்தின் விசையளவைக் கொண்டே வரையப்பெற்றவை. அவற்றுட் பல, தூண்களின்மேல் திறந்த கீழ்த்தளம் உடையன.